எழுத்துக்கு முன்னே ஓசை

முதல் வகுப்பில் ஆசிரியர் ‘கல்’ என்று சொல்ல, ஒரு பிள்ளை ‘கால்’ என்று எழுதுகிறது. ‘பட்டம்’ என்றால் ‘படம்’ என்கிறது. எழுத்துகள் அதற்குத் தெரியாமல் இல்லை. அட்டையில் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டால் தயங்காமல் சொல்லும். சொல்வதைக் கேட்டு எழுதும்போதுதான் தடுமாறுகிறது. ‘கவனக்குறைவு’ என்று நோட்டில் சிவப்பு மையால் எழுதி அனுப்பிவிடுகிறோம். ஆனால் இப்படித் தடுமாறும் பிள்ளைகளில் சிலருக்குச் சிக்கல் கவனத்திலும் இல்லை, கண்ணிலும் இல்லை. காதில் விழுந்த ஓசை எந்தக் கணத்தில் எழுந்தது, எவ்வளவு நேரம் நீண்டது என்று மூளை கணக்கிடும் இடத்தில் இருக்கிறது.

தமிழ் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு மிகவும் வேண்டியது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் அளவாக வைத்து மாத்திரையைச் சொல்கிறது தொல்காப்பியம். எழுத்தைக் காலத்தால் அளக்கும் இலக்கணம் நம்முடையது. அப்படியிருந்தும் வகுப்பறையில் எழுத்தின் வடிவத்தில் செலவிடும் நேரத்தில் கால்பங்குகூட அதன் நீளத்தில் செலவிடுவதில்லை. நீளத்தைக் கற்றுத் தரும் பாடம் ஒன்று இருக்கிறது, அது பாட்டு. தாளம் தட்டிப் பாடும் பிள்ளை ஒவ்வொரு கணமும் ஓசையை அளந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பழக்கம் பேச்சைக் கேட்கும் காதுக்கும் பயன்படுமா?

ஓசை மூளைக்குப் போகும் வழியை முதலில் பார்த்துவிடலாம். காற்றின் அதிர்வு செவிப்பறையை அசைக்கிறது. மூன்று சிற்றெலும்புகள் அதை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே சுருண்டு கிடக்கும் காக்ளியாவில் உள்ள மயிர்ச்செல்கள் அதிர்வை மின்துடிப்பாக மாற்றுகின்றன. செவி நரம்பு அந்தத் துடிப்பை மூளைத்தண்டுக்குக் கொண்டு செல்ல, அங்கிருந்து நடுமூளை, தலாமஸ் வழியாகப் பெருமூளையின் புறணியை அது அடைகிறது. பள்ளிப் பாடப்புத்தகம் இத்துடன் நின்றுவிடும். ஆனால் அதே தடத்தில் எதிர்த்திசையிலும் நரம்பிழைகள் ஓடுகின்றன. புறணியிலிருந்து நடுமூளைக்கும், மூளைத்தண்டுக்கும், காக்ளியா வரைக்கும் கட்டளைகள் இறங்குகின்றன. எதைக் கூர்ந்து கேட்க வேண்டும், எதைத் தள்ளிவிட வேண்டும் என்று மேலிருந்து கீழே சொல்லப்படுகிறது. கேட்பது பழக்கத்தால் மாறக்கூடிய வேலை என்பதற்கு உடலில் உள்ள ஆதாரம் இந்த இறங்குபாதைதான். வாழ்க்கையில் எந்த ஓசைகள் நமக்கு முக்கியமாகின்றனவோ, அவற்றுக்கு ஏற்ப கீழ்நிலை நரம்பு மையங்களும் பல ஆண்டுகளில் பதப்படுகின்றன.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நீனா கிராஸ் என்ற நரம்பியலாளர் இந்தப் பதத்தை அளக்கிறார். முறை எளியது. பிள்ளையை வசதியான நாற்காலியில் உட்காரவைத்து, பிடித்த சினிமாவைப் போட்டுவிடுவார்கள். தலையில் சில மின்முனைகளை ஒட்டுவார்கள். ஊசியோ வலியோ கிடையாது. ஒரு காதில் மட்டும் ஒரே அசை ஆயிரக்கணக்கான முறை ஒலிக்கும். பிள்ளை அதைக் கவனிக்க வேண்டியதில்லை. சினிமா பார்த்தால் போதும். ஒவ்வொரு முறையும் மூளைத்தண்டும் நடுமூளையும் எழுப்பும் மின் அலை மிக மெல்லியது. ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கி, உண்மையான அலை தெரியவரும். அந்த அலையின் வடிவம் காதில் விழுந்த ஓசையின் வடிவத்தையே ஒத்திருக்கும். ஒலிபெருக்கியில் அதைப் போட்டால் மூல அசையை அடையாளம் கண்டுகொள்ளவும் முடியும். ஒரு பிள்ளையின் மூளை எதைக் கேட்டது என்பதை நாமும் கேட்கலாம் என்ற நிலை, இத்துறையில் எனக்கு மிகப் பெரிய வியப்பு.

இம்முறையில் அவர்கள் பயன்படுத்திய இரண்டு அசைகளைப் பார்ப்போம். ஒன்று ‘பஸ்’ஸில் வரும் ‘ப’. மற்றது ‘காந்தி’யில் வரும் ‘கா’வின் குறில். இரண்டிலும் முடிவில் வருவது ‘அ’ என்ற ஒரே உயிர். வேறுபாடு முழுவதும் தொடக்கத்தில்தான். உதடு திறப்பதற்கும் அடிநாக்கு விலகுவதற்கும் ஏற்ப வாய்க்குள் அதிர்வெண்கள் சரிந்து இடம்பெயர்கின்றன. சுமார் 50 மில்லிநொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதன்பின் கேட்பது இரண்டுக்கும் பொதுவான உயிரோசை. அந்தச் சிறு இடைவெளியைப் பிடிக்கும் மூளைக்கு இரண்டும் இரண்டு. தவறவிடும் மூளைக்கு இரண்டும் ஒன்றுபோலக் குழம்பும். இரைச்சல் மிகுந்த வீட்டில், தெருவில், ஐம்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் வளரும் பிள்ளைக்குத் தவறவிடும் வாய்ப்பு அதிகம். வறுமை காதையும் தொடுகிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

இனி லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போவோம். கும்பல் மோதல்கள் மலிந்த வட்டாரங்களில் வாழும் ஏழைப் பிள்ளைகளுக்காக மார்கரெட் மார்ட்டின் என்பவர் 2001-இல் ‘ஹார்மனி ப்ராஜெக்ட்’ என்ற இசைப்பள்ளி அமைப்பைத் தொடங்கினார். சந்தை ஒன்றில் தம் சிறு மகன் வயலின் வாசித்துக்கொண்டிருந்தபோது, பச்சை குத்திய முரட்டு இளைஞர்கள் சிலர் நின்று கேட்டு, காசைப் பெட்டியில் மெல்ல வைத்துவிட்டுப் போனதைப் பார்த்ததே தூண்டுதல் என்று அவர் சொல்லியிருக்கிறார். அமைப்பு பிள்ளைகளுக்கு வாத்தியங்களை இலவசமாகக் கொடுத்தது, கூட்டாகக் கற்பித்தது, வருடக்கணக்கில் விடாமல் தொடர்ந்தது. சேரக் காத்திருப்போரின் பட்டியல் நீண்டது.

அந்தக் காத்திருப்பைத்தான் கிராஸ் குழு ஆய்வாக்கியது. பிள்ளைகளில் பாதிப் பேர் உடனே வகுப்பில் சேர்ந்தார்கள். மீதிப் பேர் ஓராண்டு காத்திருந்து சேர்ந்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. இது முக்கியம். இசை கற்கும் பிள்ளைகளையும் கல்லாத பிள்ளைகளையும் சும்மா ஒப்பிட்டால், வசதியும் படிப்பும் உள்ள பெற்றோரின் பிள்ளைகளே இசைப் பக்கம் நிறைந்திருப்பார்கள். பெற்றோரால் வந்த பலனை இசையின் கணக்கில் எழுதிவிடுவோம். குலுக்கல் அந்தத் தவறைத் தடுக்கிறது.

ஓராண்டு முடிவில் மின் அலையில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் தெரிந்தது. இரண்டு ஆண்டு பயின்ற பிள்ளைகளின் மூளை, அந்த இரண்டு அசைகளையும் ஓராண்டு மட்டும் பயின்றவர்களின் மூளையைவிடத் துல்லியமாகப் பிரித்தறிந்தது. 2014-இல் இந்த முடிவு வெளியானது. அதே பிள்ளைகளிடம் நடந்த வேறு ஆய்வுகள் மேலும் இரண்டு செய்திகளைச் சொல்லின. வகுப்புக்கு ஒழுங்காக வந்து ஈடுபாட்டுடன் கலந்துகொண்ட பிள்ளைகளிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. வாத்தியத்தைக் கையில் எடுத்து வாசித்தவர்களிடம் தெரிந்த மாற்றம், இசையைக் கேட்டு அறியும் வகுப்பில் மட்டும் இருந்தவர்களிடம் அவ்வளவாக இல்லை.

இந்தக் காலக்கணக்கை நம் பள்ளிகள் மனத்தில் கொள்ள வேண்டும். ஆண்டு விழாவுக்கு இருபது நாள் இருக்கும்போது ஒரு பாட்டைப் பிடித்து மனப்பாடம் செய்யவைப்பதால் விழா நன்றாக நடக்கும். பிள்ளையின் செவித்தடத்தில் அது எதையும் எழுதாது. மூளைத்தண்டு மெதுவாகக் கற்கும் இடம். கற்றதை எளிதில் விடாத இடமும்கூட. சிறுவயதில் சில ஆண்டுகள் வாத்தியம் பயின்று பிறகு விட்டுவிட்டவர்களை, 55 வயதுக்கு மேல் இதே குழு சோதித்தது. அவர்கள் வாத்தியத்தைத் தொட்டுச் சுமார் நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பேச்சொலிக்கு அவர்களின் மூளை காட்டிய மறுவினை, கல்லாதவர்களைவிட வேகமாக இருந்தது.

தாளத்துக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உஷா கோஸ்வாமி வேறு பக்கத்திலிருந்து அணுகினார். வாசிப்பதில் பெரும் இடர் உள்ள டிஸ்லெக்சியா பிள்ளைகளை அவர் சோதித்தபோது, ஓர் ஓசை மெல்ல எழுகிறதா, சட்டென்று எழுகிறதா என்பதைப் பிரித்தறிய அவர்கள் சிரமப்பட்டார்கள். சீரான தாளத்துக்குத் தட்டச் சொன்னால் தட்டு முன்னும் பின்னும் போனது. ஆங்கிலத்தில் மட்டுமல்ல, வேறு பல மொழி பேசும் பிள்ளைகளிடமும் இதே போக்கு தென்பட்டது. பேச்சில் ஒவ்வோர் அசையும் ஒரு சிறு எழுச்சி. அந்த எழுச்சியைக் காது பிடித்தால்தான் சொல் அசைகளாகப் பிரியும். அசை பிரிந்தால்தான் எழுத்து அதன்மேல் உட்காரும். போர்ச்சுகல்லில் எட்டு வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இசையும் மற்றவர்களுக்கு ஓவியமும் ஆறு மாதம் கற்பித்தார்கள். இசை கற்றவர்கள் பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறிவதிலும், எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தம் கடினமான சொற்களை வாசிப்பதிலும் முன்னேறினார்கள்.

இவ்வளவு சொன்னபின், எதைச் சொல்லக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இசை கற்றால் பிள்ளை கணக்கில் நூறு வாங்கும், புத்திக்கூர்மை ஏறும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். அதன் வேர் 1993-இல் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஃபிரான்சிஸ் ரௌஷரும் உடன் ஆய்ந்தவர்களும் 36 கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நிமிடம் மொசார்ட்டின் இரட்டைப் பியானோ சொனாட்டாவைக் கேட்கவைத்து, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி வரும் என்பது போன்ற கேள்விகளைக் கொடுத்தார்கள். மதிப்பெண் சற்றுக் கூடியது. அந்தப் பலன் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. ஆய்வில் குழந்தைகள் இல்லை, இசை கற்பதும் இல்லை. ஆனாலும் ஐந்தே ஆண்டுகளில் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். பின்னால் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மொசார்ட்டுக்கென்று தனிச் சிறப்பு ஏதும் மிஞ்சவில்லை.

பயிற்சியைப் பற்றிய ஆய்வுகள் இதைவிடக் கவனமானவை. டொராண்டோவில் கிளென் ஷெல்லன்பெர்க் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் கீபோர்டு, வாய்ப்பாட்டு, நாடகம், எதுவுமில்லை என்று நான்காகப் பிரித்து ஓராண்டு பார்த்தார். இசைப் பிள்ளைகளின் நுண்ணறிவு எண் சராசரியாக 7 புள்ளி ஏறியது, மற்றவர்களுடையது 4.3. பள்ளிக்குப் போனாலே எல்லாருக்கும் ஏறும்; இசையால் கூடியது மூன்று புள்ளிக்கும் குறைவு. நாடகம் பயின்றவர்கள் பிறரோடு பழகும் பண்பில் முன்னேறினார்கள் என்பதும் அதே ஆய்வில் உண்டு. 2020-இல் சாலா, கோபெட் இருவரும் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ ஏழாயிரம் பிள்ளைகளின் தரவுகளைத் தொகுத்தார்கள். கண்டிப்பாக வடிவமைத்த ஆய்வுகளில் நினைவாற்றலுக்கோ மதிப்பெண்ணுக்கோ இசையால் வந்த பலன் பூச்சியத்தை ஒட்டியே இருந்தது.

இதனால் இசைப் பாடத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கணக்குப் பாடத்தை நியாயப்படுத்த, கணக்குப் போட்டால் நன்றாகப் பாட வரும் என்று யாரும் நிரூபிக்கக் கேட்பதில்லை. பாஸ்டனில் ஆறு வயதுப் பிள்ளைகள் பதினைந்து மாதம் கீபோர்டு பயின்றபின் அவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். விரல்களை இயக்கும் பகுதியிலும், வலப்பக்கச் செவிப் பகுதியிலும், இரு அரைக்கோளங்களை இணைக்கும் நரம்புக் கற்றையிலும் மாற்றம் இருந்தது. விரல் நுட்பமும், மெட்டையும் தாளத்தையும் பிரித்தறியும் திறனும் கூடியிருந்தன. எதைப் பயின்றார்களோ அதற்கு அருகிலுள்ள திறன்கள் வளர்ந்தன, தொலைவிலுள்ளவை வளரவில்லை. கேட்கும் திறன் பாட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. பேச்சும் கேட்டே வருவது. இசைப் பாடத்துக்கு வாதாடுபவர்கள் இந்த இடத்தில் காலூன்றி நிற்கலாம்.

ஹங்கேரியின் இசையறிஞர் ஸோல்டான் கோடாய்க்கு இந்த மின்முனைகள் எதுவும் இல்லை. ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல்களைச் சேகரித்தவர் அவர். 1925-இல் மாணவியர் கூட்டம் ஒன்று பாடியதைக் கேட்டு மனம் நொந்து, அதுமுதல் பிள்ளைகளுக்கென்றே பாடல் அமைக்கத் தொடங்கினார். 1950-இல் அவர் பிறந்த ஊரான கெச்கெமேட்டில் மார்த்தா நெமெஷ்செகி என்ற ஆசிரியை முதல் ‘பாடும் தொடக்கப்பள்ளி’யை நடத்தினார். அங்கே தினமும் பாட்டு வகுப்பு உண்டு. வாத்தியம் பிறகு, முதலில் குரல். தாய்மொழியின் நாட்டுப்பாடல்தான் முதல் பாடம். வாயில் ஏற்கெனவே பழகிய மொழியின் ஏற்ற இறக்கமும் அசையழுத்தமும் அந்த மெட்டுகளில் இருப்பதால், பிள்ளைக்கு இசையே அந்நியமாகத் தோன்றாது.

சுரங்களை அவர்கள் கையால் காட்டுவார்கள். ‘தோ’ என்றால் இடுப்பு உயரத்தில் மூடிய முட்டி. சுரம் ஏற ஏறக் கை மேலே போகும், விரல்களின் நிலை மாறும். மேல் ‘தோ’வுக்கு அதே முட்டி தலையளவில் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கர்வென் உருவாக்கியதை ஹங்கேரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத சுரத்தின் ஏற்ற இறக்கம், கை உயரமாகப் பிள்ளைக்குப் புலப்படுகிறது. அந்தத் ‘தோ’ நம் ஸட்ஜமத்தைப் போலவே எந்தச் சுருதியிலும் நிற்கும். சுரங்களுக்கு இடையிலான தூரம்தான் மாறாது. சரளி வரிசை பாடி வளர்ந்த எவருக்கும் கெச்கெமேட்டின் வகுப்பறை உடனே புரியும். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்த வரிசைகளை முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று பாடும்போது, ஒரே தட்டுக்குள் ஒன்று, இரண்டு, நான்கு சுரங்களைப் பிள்ளை பொருத்துகிறது. குறிலையும் நெடிலையும் பிரிக்கும் காதுக்கு இதைவிட நேரான பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

சேர்ந்து பாடுவதில் இன்னொன்று நடக்கிறது. ஜெர்மனியில் கிர்ஷ்னர், டொமசெல்லோ இருவரும் நான்கு வயதுப் பிள்ளைகள் 96 பேரை இருவர் இருவராக விளையாடவைத்தார்கள். தரையில் ஒரு குளம், அதில் தவளைகள். சில இணைகள் பாடி ஆடி, தாளம் தட்டித் தவளைகளை எழுப்பின. மற்ற இணைகள் பாட்டும் தாளமும் இல்லாமல் அதே விளையாட்டை விளையாடின. பிறகு கோலிகள் நிறைந்த குழாய்களைத் தூக்கிப் போகும்போது, ஒரு பிள்ளையின் குழாய் அடிப்பக்கம் கழன்று கோலிகள் சிதறும்படி செய்தார்கள். பாடி விளையாடிய பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாக ஓடிவந்து உதவினார்கள். அடுத்தவர் எப்போது தட்டுவார் என்று எதிர்பார்த்துத் தன் கையை நிறுத்துவதும் விடுவதும் ஒருவகையில் பிறரைக் கவனிப்பதுதான். கும்மியில் நின்ற எவருக்கும் அது தெரியும்.

தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசுத் தொடக்கப்பள்ளிகளில் இசைக்கென்று ஆசிரியர் இல்லை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வகுப்பறைக்குள் நிறையப் பாட்டைக் கொண்டுவந்தது. அது நல்ல தொடக்கம். ஆனால் அந்தப் பாட்டுகள் எண்களையும் காய்கறிகளையும் நினைவில் வைக்க வந்தவை. சுருதி சேர்கிறதா, தட்டு நிற்கிறதா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதே பாட்டை அதே வகுப்பாசிரியர் தினம் கால் மணி நேரம் ஓசைக்காகவே பாடவைக்கலாம். வாத்தியம் வேண்டாம். சுருதிக்குக் கைப்பேசிச் செயலி போதும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. சிறு பிள்ளைகள் தாமாகத் தட்டும் வேகம் பெரியவர்களுடையதைவிட இயல்பாகவே அதிகம். ஆசிரியர் தமக்கு வசதியான நிதானத்தில் தொடங்க, பிள்ளைகள் ஓடுவார்கள்; ‘ஓடாதே’ என்று அதட்டுவதில் பயனில்லை. அவர்கள் நடை வேகத்தில் தொடங்கி, தட்டு நிலைத்தபின் மெல்லக் குறைக்கலாம்.

மற்றது சுருதி. ஆண் ஆசிரியர் தம் குரலில் பாடினால் பிள்ளைகள் ஒரு ஸ்தாயி மேலே எடுக்க வேண்டும். அந்தத் தாவல் எல்லாருக்கும் உடனே பிடிபடாது. ஆசிரியையே பாடினாலும், சுருதியைத் தமக்கு இதமாக இறக்கி வைத்தால் கீழ்ச்சுரங்கள் பிள்ளைகளுக்கு எட்டாமல் உறுமலாகிவிடும். ‘இதுக்குப் பாட வராது, பின்னாடி நிக்கட்டும்’ என்று ஆறு வயதில் ஒதுக்கப்படும் பிள்ளைகளில் பலருக்கு நேர்வது இதுதான். ஒரு கட்டையோ ஒன்றரைக் கட்டையோ ஏற்றி, நன்றாகப் பாடும் இன்னொரு பிள்ளையை முன்னால் நிறுத்திப் பாடவைத்தால், தன் வயதுக் குரலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பின்வரிசைப் பிள்ளை சில வாரங்களில் சுருதிக்கு வந்துவிடும்.